சத்தம் போடுற கடனை முதல் கட்டுறதோ, சத்தமில்லாமத் தின்னுற கடனை முதல் கட்டுறதோ?

போன மார்கழி மழைக்குள்ள ஒரு இரவு, கரண்டும் இல்லை, நானும் மனுசியும் மகளின்ர பழைய சி.ஆர். கொப்பியின்ர கடைசிப் பக்கத்தில எங்கட கடன் முழுக்க எழுதினம். அதுக்கு முதல் எழுதினதே இல்லை, மனசுக்குள்ள ஒரு மூண்டரை லட்சம் இருக்கும் எண்டு ஒரு நினைப்பு, அவ்வளவுதான். நான் அஞ்சு கடனை எழுதிப்போட்டுப் பேனையை மூட, மனுசி மெல்லமா "இஞ்சேருங்கோ, கோவிக்காதேங்கோ, இன்னொண்டு கிடக்கு" எண்டா. கடைக் கொப்பி. 18,500. பால்மா, சவர்க்காரம், பிள்ளையின்ர கொம்பாஸ் பெட்டி எண்டு சேந்து சேந்து வந்தது.

கூட்டினா 554,200. இந்தியன் வீட்டுத்திட்டத்தில எங்களுக்கு வீடு கட்டக் கட்டம் கட்டமாத் தந்த காசு 550,000. அது காணாம மேல காசு போட்டுக் கட்டத் தொடங்கினதில இருந்துதான் எங்கட கடனும் தொடங்கினது, பேந்து ஒண்டை அடைக்க ஒண்டு, அதை அடைக்க இன்னொண்டு. கிளிநொச்சி வட்டக்கச்சியில எங்கட ஒழுங்கையில கேட்டாலும் முக்கால்வாசிப் பேர் இதே கதைதான் சொல்லுவினம்.

அந்தப் பக்கத்தை அப்பிடியே இதில போடுறன், ஏனெண்டா கதைக்கிறதுக்கு ஒரு கணக்கு முன்னால இருக்கோணும். ஊரில வட்டிக்குக் குடுக்கிற ஒரு அண்ணையிட்ட எடுத்த வட்டிக்காசு 60,000, மாசம் நூற்றுக்கு அஞ்சு. வங்கியில நகை அடைவு 200,000. மனுசியின்ர குழுக் கடன் (பெண்டுகள் குழுவாச் சேந்து எடுக்கிற நுண்கடன்), கிழமைக்கு 1,200, இன்னும் 26 கிழமை. மோட்டச்சைக்கிள் லீசிங் மாசம் 14,500, இன்னும் 11 மாசம். உரக்கடை 85,000, அரிவு வெட்டுக்குக் குடுக்கோணும். கடைக் கொப்பி 18,500.

இனி எதை முதல் கட்டுறது? நெற்றில தேடினா ரெண்டு வழி சொல்லினம். ஒண்டு, ஆகச் சின்னக் கடனை முதல் முடிக்கிறது, முடிஞ்ச காசை அடுத்த சின்னனில சேத்துக் கட்டிக்கொண்டு போறது, அதுக்குப் பேர் பனிப்பந்தாம், உருள உருளப் பெருக்கிறதாலயாம். வன்னியில பனி எண்டா மார்கழி விடியக்காலம் புல்லில கிடக்கிறது, அதை எங்க உருட்டுறது எண்டு மனுசி சிரிச்சா. மற்றது, தொகையைப் பாக்காம வட்டி ஆகக் கூடினதை முதல் முடிக்கிறது. ரெண்டிலயும் மற்றக் கடன்களுக்குக் கட்டவேண்டிய தவணையைத் தவறாமக் கட்டிக்கொண்டு, மிச்சம் வாற காசை மட்டும் ஒண்டின்ர தலையில போடுறது, அது பொது.

ஆனா எங்கட ஊரில ஆரும் இந்த ரெண்டு மாதிரியும் கட்டுறேல்லை. சத்தத்துக்குத்தான் கட்டுறம். ஆர் வந்து படலையில நிண்டு கத்துறானோ அவனுக்கு முதல். குழுக் கடன் பெடியன் செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வந்து குழு கூடுற சென்ரர் வீட்டு முத்தத்தில குந்தினா, ஒராளின்ர காசு குறைஞ்சாலும் எழும்பமாட்டான், மற்றப் பெண்டுகளும் தங்கட அலுவலை விட்டிட்டு இருக்கோணும், கடைசியில அவையள் சேந்து போட்டுத்தான் அனுப்பிறது, அந்த வெக்கத்துக்காகவே சனம் எங்கயாவது கடன் மாறிக் கட்டிப்போடும். எங்க மாறும்? வட்டிக்குக் குடுக்கிற அண்ணையிட்டதான். அவர் தங்கமான மனுசன். நான் ஒருக்கா வட்டியோட முதலிலயும் ஒரு 10,000 குறைப்பம் எண்டு கொண்டுபோக, "என்ன தம்பி அவசரம், முதல் கிடக்கட்டும், வட்டியைத் தா காணும், பிள்ளையள் சுகமோ" எண்டு தேத்தண்ணியும் தந்து அனுப்பினவர். அப்ப எனக்குப் பெரிய சந்தோசம். கொப்பியில எழுதேக்கதான் விளங்கினது, அந்தத் தேத்தண்ணிதான் எங்கட ஊரிலயே விலை கூடின தேத்தண்ணி.

பாருங்கோ, 60,000 க்கு நூற்றுக்கு அஞ்சு எண்டா மாசம் 3,000. அடைவு 200,000 க்கு வருச வட்டி 18 வீதம் எண்டா அதுக்கும் மாசம் 3,000. மூண்டு மடங்குக்கு மேல பெரிய கடன், ஆனா தின்னுறது ஒரே அளவு. இருபது மாசம் அந்த அண்ணைக்கு வட்டி கட்டினா முதல் அளவு காசு போயிருக்கும், முதல் அப்பிடியே நிக்கும். (18 எண்டது 2023 ஆவணிக் கடைசியில மத்திய வங்கி அடைவுக்குப் போட்ட உச்ச வரம்பு. பிறகு பொதுவா வட்டி இறங்கினது, உங்கட வங்கியில இப்ப என்ன வீதம் எண்டு போய்க் கேளுங்கோ, நான் என்ர கணக்குக்கு 18 ஐயே வைக்கிறன்.)

வட்டியை ஒப்பிட முதல் ஒரு விசயம், அதில சனம் நல்லா ஏமாறுது. வட்டி ரெண்டு பாசையில சொல்லப்படும். வங்கிக்காரர் சொல்லுறது குறையிற மிச்சத்துக்கு வட்டி. லீசிங்கிலயும் குழுக் கடனிலயும் கனபேர் சொல்லுறது நிலை வட்டி, பிளாட் எண்டுவினம், நீங்கள் பாதிக் காசைக் கட்டி முடிச்ச பிறகும் எடுத்த முழுக் காசுக்கும் வட்டி ஓடும். ஒரு லட்சம் ரெண்டு வருசத்துக்கு 24 வீதம் பிளாட் எண்டா வட்டி 48,000, மாசம் 6,167 கட்டோணும், அதை வங்கிப் பாசைக்கு மாத்தினா கிட்டத்தட்ட 41 வீதம். மனுசியின்ர குழுக் கடன் 50,000 எடுத்து 1,200 படி 52 கிழமை, மொத்தம் 62,400. பெடியன் "வட்டி 24 தான் அக்கா" எண்டு சொல்லித்தான் தந்தவன், உண்மையில 45 வீதம் வருது. போனில கணக்குப் போடத் தெரியாட்டி பரவாயில்லை, பிளாட் வட்டியை ஒண்டே முக்காலால பெருக்குங்கோ, ஏறக்குறைய சரியா வரும். அப்பிடி மாத்திப்போட்டுத்தான் எது கூட எது குறைய எண்டு பாக்கோணும். நூற்றுக்கு அஞ்சு எண்டது வருசத்துக்கு 60, அதை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லை, அஞ்சு எண்டா சின்ன இலக்கம் தானே.

சரி, இப்ப ரெண்டு வழியையும் எங்கட கொப்பியில ஓட்டிப் பாப்பம். லீசிங்கையும் குழுவையும் தவணைப்படி கட்டிப்போட்டு, உரக்கடையை அரிவு வெட்டுக்கு விட்டிட்டு, என்ர போட்டோக்கொப்பிக் கடையாலயும் மனுசியின்ர தையலாலயும் மாசம் 21,000 கடனுக்கு ஒதுக்கேலும் எண்டு வைப்பம். அதில வட்டிக்காசுக்கும் அடைவுக்கும் 6,000 வட்டியாப் போகும், மிச்சம் 15,000.

சின்னனை முதல் எண்டு கடைக் கொப்பியில தொடங்கினா ரெண்டாம் மாசம் கொப்பி முடியும், பேந்து வட்டிக்காசு, அது அஞ்சாம் மாசம் முடியும், அதுக்குள்ள அண்ணைக்குக் கட்டின வட்டி 10,900. வட்டி கூடினதை முதல் எண்டு அண்ணையில தொடங்கினா நாலாம் மாசம் அவர் கணக்கு முடியும், வட்டி 7,350 அளவில, கடைக் கொப்பி அஞ்சாம் மாசம் முடியும். அஞ்சு மாசத்தில ரெண்டு வழியிலயும் ரெண்டு கடனும் முடியுது, வித்தியாசம் 3,550 ரூவா.

எனக்கு இது ஆச்சரியமாத்தான் இருந்தது. கூட வரும் எண்டு நினைச்சன். கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் வட்டிதான் முக்கியம் எண்டு அடிச்சுச் சொல்லுவினம், சரிதான், ஆனா என்ர அளவுக் கடனில அது 3,550 ரூவாச் சண்டை. அந்தக் கடைக்கார அண்ணை 2022 இல சாமான் தட்டுப்பாட்டு நேரம் எங்களுக்கு ஒரு பால்மாப் பெட்டியை மேசைக்குக் கீழ ஒளிச்சு வச்சுத் தந்தவர், அவற்ற கடைக்கு முன்னால போகேக்க நான் மறுபக்கம் பாத்துக்கொண்டு மோட்டச்சைக்கிளை முறுக்கினதுக்கு என்ன விலை போடுறது. சின்னனை முதல் முடிச்சா மனம் ஊக்கப்படும் எண்டது சும்மா கதையுமில்லை, அமெரிக்காவில 2012 இல வெளிவந்த ஒரு ஆய்வு, கடன் தீர்க்கிற திட்டமொண்டில சேந்த ஆக்களின்ர கணக்குகளைப் பாத்திட்டு, தொகை எவ்வளவு குறைஞ்சது எண்டதை விட எத்தினை கணக்கு மூடுப்பட்டது எண்டதுதான் ஆக்கள் கடைசிவரை கட்டி முடிப்பினமோ எண்டதைக் காட்டிக் குடுக்குது எண்டு சொன்னது.

ஆனா எங்கட இடத்தில இந்த ரெண்டு வழியிலயும் ஒரு சிக்கல் இருக்கு. வட்டிக்காசுக்காரர் பகுதி பகுதியா முதல் வாங்கமாட்டினம். முழுசாக் கொண்டா, இல்லாட்டி வட்டியை மட்டும் தா. அப்ப 15,000 படி நாலு மாசம் வீட்டில சேர்க்கோணும். வீட்டில காசு நிக்குமோ? செத்தவீடு, சாமத்திய வீடு, வற்றாப்பளைப் பொங்கல், பிள்ளைக்குக் காய்ச்சல், அல்மாரிக்குள்ள 40,000 இருக்கு எண்டு தெரிஞ்சா அதுக்கெண்டே ஒரு செலவு நடந்து வரும். கணக்கில வெல்லுற வழி எங்கட வீட்டில தோக்கிறது இதாலதான்.

அதால நாங்கள் மூண்டாவதைச் செய்தம், மாத்து, அதாவது வட்டி கூடின கடனை வட்டி குறைஞ்ச கடனால அடைக்கிறது. மனுசியின்ர கையில மிஞ்சிக் கிடந்த காப்புச் சோடியை வங்கியில வச்சு 60,000 எடுத்து, அண்டைக்கே நேர அண்ணையிட்ட கொண்டுபோய்க் குடுத்து, நாங்கள் பிணையாக் குடுத்த வெத்துச் செக்கையும் திருப்பி வாங்கினம். (செக்கையோ எழுத்தையோ கையில வாங்காமக் காசைக் குடுக்காதேங்கோ, "பிறகு தாறன் தம்பி" எண்டா "பரவாயில்லை அண்ணை, நிக்கிறன்" எண்டு நில்லுங்கோ.) 60,000 க்கு மாசம் 3,000 தின்னினது இப்ப 900. அடைவு மொத்தம் 260,000, மாச வட்டி 3,900, மிச்சம் 17,100. முதல் மாசத்தில இருந்து கடைக் கொப்பி, ரெண்டாம் மாசம் அது முடிய அடைவுக்கே பகுதி பகுதியாக் கட்டுறது, வங்கியில அப்பிடி வாங்குவினம், 5,000 கொண்டுபோனாலும் வாங்கி முதலில குறைச்சுத் தருவினம். அஞ்சாம் மாச முடிவில அடைவு 191,500 அளவில நிக்கும், சின்னனை முதல் கட்டின வழியை விட 7,900 லாபம், வட்டியை முதல் பாத்த வழியை விட 4,300 லாபம். கடைக்கார அண்ணையின்ர முகத்தையும் பாக்கலாம்.

மாத்தில ஆபத்து இல்லையெண்டு சொல்லேல்லை. தங்கம் விலை ஏறினதால அதே நகைக்கு இன்னும் காசு தரலாம் எண்டு வங்கியிலயே சொல்லுவினம், அந்தக் காசை எடுத்துப் போன் வாங்கினவையையும் எனக்குத் தெரியும். மீட்காம விட்டா ஏலம். அதோட நகை எண்டது இஞ்ச ஒரு பொருள் மட்டுமில்லை, 2009 இல எல்லாத்தையும் விட்டிட்டு வரேக்க சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்தது அதுதான், எங்கட மாமி காப்பை வங்கியில வைக்கப்போறம் எண்டோண்ண ரெண்டு நாள் எங்களோட கதைக்கேல்லை. அவவிட்ட 3,000 த்தையும் 900 ஐயும் சொல்லி விளங்கப்படுத்தினம், "உந்தக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, எப்ப மீட்பியள்?" எண்டு ஒரே கேள்வி. நல்ல கேள்விதான். திகதி வைக்காத மாத்து மாத்தில்லை, இன்னொரு கடன்.

அரசாங்க உத்தியோகம் எண்டா இந்தக் காப்பு, மாமி பிரச்சினை ஒண்டும் இல்லை, அவைக்குக் குடுக்கிற டிஸ்ரெஸ் லோன் (இடர்கடன்) வட்டி 4.2 வீதம், அதை எடுத்து நூற்றுக்கு அஞ்சை அடைக்காம வச்சிருக்கிற ரீச்சர்மாரைக் கண்டா எனக்குக் கோவம்தான் வரும். ஊர் மாதர் சங்கத்திலயும் சுழற்சிக் கடன் குடுக்கினம், தொகை சின்னன், வட்டியும் சின்னன், வட்டி திரும்பச் சங்கத்துக்கே போகுது, கடைக் கொப்பி அளவுக் கடனுக்கு அது காணும்.

சீட்டைப் பற்றியும் கேப்பியள். 20 பேர் 5,000 படி கட்டுற ஒரு லட்சம் சீட்டை அவசரத்துக்கு மூண்டாம் மாசமே 18,000 கழிவு கூறி எடுத்தா கையில 82,000, பேந்து 17 மாசம் கட்டோணும், கூறின கழிவும் ஒரு வட்டிதான். ஆனா கடைசி வரை எடுக்காம இருந்தா அதே சீட்டு நல்ல உண்டியல், வீட்டில நிக்காத காசு தாச்சியிட்ட, அதுதான் சீட்டு நடத்திறவரிட்ட, நிக்கும். தாச்சி ஆரெண்டதுதான் முழு விசயமும், அதைப் பற்றி நான் எழுத வெளிக்கிட்டா ஊரில இருக்கேலாது.

இனிக் குழுக் கடன். 45 வீதம் எண்டு தெரிஞ்ச பிறகு அதை முதல் முடிக்கத்தான் மனம் சொல்லும். ஆனா 26 கிழமை மிஞ்சியிருக்கேக்க அதில இருக்கிற வட்டி 3,400 க்குள்ளதான், ஏனெண்டா தொடக்கத்திலயே கூடின வட்டியை எடுத்திடுவினம். முன்கூட்டிக் கட்டினா கழிச்சுத் தருவினமோ எண்டு கேட்டதுக்கு "அப்பிடி முறையில்லை அக்கா" எண்டு பதில். கழிவு இல்லாட்டி முன்கூட்டிக் கட்டுறதில ஒரு சதமும் மிச்சமில்லை, தவணைப்படியே போகட்டும். லீசிங்கும் அப்பிடித்தான், கடைசி 11 மாசத்தில வட்டி கொஞ்சம்தான் கிடக்கும், ஆனா தவறவிட்டா தாமதக் கட்டணம், பேந்து சைக்கிளை வந்து தூக்குவாங்கள், கிரிப்பிலயும் (வங்கியள் பாக்கிற கடன் பதிவு) விழும். வட்டிக்கார அண்ணையின்ர கடன் கிரிப்பில இல்லை, அதால அவருக்குத் தவறினா ஒண்டுமில்லை எண்டு நினைக்கிறதும் பிழை, அது ஊர் கிரிப்பில விழும். சுருக்கமாச் சொன்னா வட்டி வீதம் எவ்வளவு எண்டது ஒரு கேள்வி, இப்ப கட்டினா எவ்வளவு மிச்சம் எண்டது வேற கேள்வி, இது நான் கொப்பியில எழுதின பிறகுதான் விளங்கிக்கொண்டது.

குழுவை மூட வேற குழுவில எடுக்கிறதை மட்டும் செய்யாதேங்கோ. பக்கத்து வளவு அக்கா நாலு குழுவில நிண்டவ, செவ்வாய் ஒண்டு, புதன் ஒண்டு, வெள்ளி ரெண்டு. "தம்பி, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உடம்பு நோகேல்லை" எண்டுவா. 2018 இல வறட்சி மாவட்டங்களில ஒரு லட்சத்துக்கு உட்பட்ட பெண்களின்ர நுண்கடனை அரசாங்கம் பொறுப்பெடுத்தது, அதில இருந்து இன்னொரு தள்ளுபடி வரும் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதும் ஒரு வழியாப் போச்சு, ஒவ்வொரு எலெக்சனுக்கும் அந்தக் கதை எழும்பும். வந்தா வாங்குவம், ஆனா அதை நம்பித் தவணையை விடுறது மழையை நம்பிக் குளத்தைத் திறந்து விட்ட மாதிரி.

மிஞ்சினது உரக்கடை. இதுக்கு வட்டியே இல்லை எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தன். காசுக்கு 9,000 எண்டா கடனுக்கு 10,000, நாலு மாசத்தில 1,000, வருசத்துக்குப் பாத்தா 33 வீதம். அதுக்கு மேல, வெட்டு மெசின் வயலுக்குள்ள நிக்கேக்கயே லொறி வரும், பச்சை நெல்லை அவை சொல்லுற விலைக்கு அள்ளுவினம், கடன்காரன் விலை கதைக்கேலாது. எங்கட ரெண்டேக்கரில 60 மூட்டை வந்தா, கிலோவுக்கு 10 ரூவா குறைய விட்டாலே மூட்டைக்கு 700 படி 42,000 போகுது. மேல நான் 3,550 க்கும் 4,300 க்கும் பக்கம் பக்கமா எழுதினதெல்லாம் இதுக்கு முன்னால தூசு. அதாலதான் இந்த முறை அடைவுக்குக் கட்டுறதை மாசி மாசம் நிப்பாட்டி, அந்தக் காசையும் சேத்து உரக்கடைக்கு முன்கூட்டியே 40,000 கொண்டுபோய்க் குடுத்தன். அடைவு வட்டி 18 தானே, அது காத்திருக்கும். மிச்சம் 45,000 க்கு மட்டும் நெல்லு குடுத்து, மற்றதை ரோட்டில படங்கு விரிச்சுக் காயப்போட்டுப் பங்குனிக் கடைசி வரை வைக்கிறதெண்டு முடிவு.

லொறி வரேக்க நான் வயலில நிக்கிறேல்லை எண்டும் முடிவு. எனக்கு அவையளின்ர முகத்தைப் பாத்தா வாய் எழும்பாது. மனுசி நிக்கட்டும், குழுக் கடன் பெடியனோட ஒரு வருசம் கதைச்சுப் பழகின ஆள் அவதான்.